கன்னி மூலை மெஷின்

நாமக்கல்
10.12.2024

அக்காவுக்கு,

கதிர்வேல் எழுதுவது. கவர்மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழிக்கத் தோன்றியிருக்கும். கிழிக்காதே. கல்யாண விஷயம் இதில் ஒரு வரிகூட இல்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அம்மா ஃபோனிலிருந்து பேசினால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். நேரில் வரலாமென்றால், நீ கதவைத் திறக்காவிட்டால் அஸ்தம்பட்டியில் உன் வீட்டு மாடிப்படியில் நின்றுகொண்டு நான் என்ன செய்வேன்? அதனால்தான் போஸ்ட் ஆபீஸ் போய் கவர் வாங்கினேன். கவுண்டரில் இருந்த பெண்மணி, “வேலைக்கு அப்ளிகேஷனுங்களா?” என்று கேட்டார்.

விஷயம் மெஷினைப் பற்றியது. பட்டறைக்கு வெல்டிங் ரோபோ வாங்கினேன் அல்லவா, டிரெய்லர் சேஸிஸ் சட்டங்களைப் பற்றவைக்க? வந்த நாளிலிருந்து பாதி வேலையில் நின்றுவிடுகிறது. சட்டத்தின் இந்த முனையில் அழகாக ஆரம்பிக்கும். அந்த முனைக்குப் போகப் போக ஒரு உதறு உதறி, கையை நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். கையில் பிடிக்கிற ரிமோட்டில் சிவப்பாக ஒரு வார்த்தை: சிங்குலாரிட்டி. மெஷின் கம்பெனியின் கோயம்புத்தூர் இன்ஜினியரைக் கேட்டால், “சிங்குலாரிட்டி வருதுங்க, போஸ்சர மாத்துங்க” என்கிறான். அது எனக்கும் தெரிகிறது. சிங்குலாரிட்டி என்றால் என்னடா என்றால் லைனில் ஆளில்லை.

ஃபோனில் தேடினேன். ஒருத்தர் கருந்துளைக்கு நடுவில் இருப்பது என்கிறார். இன்னொருத்தர் கம்ப்யூட்டர் மனுஷனை மிஞ்சப் போகிற நாள் என்கிறார். அந்த வீடியோவை பட்டறையில் சத்தமாக வைத்துத் தொலைத்தேன். அற்புதராஜ் அண்ணன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஏனுங்க, நம்மள முந்திட்டேன்னு மெஷினே சொல்லுதுங்களா?” என்று கேட்டார். சிரிப்பதா பயப்படுவதா என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

நீ காலேஜில் கணக்குச் சொல்லித்தருகிறாய். ஒரு வார்த்தைக்கு எதற்கு இத்தனை அர்த்தம்? அதில் என் மெஷினுக்கு எது?

அம்மா நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை.

கதிரு

*

அஸ்தம்பட்டி, சேலம்
14.12.2024

கதிருக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

கல்யாண விஷயம் ஒரு வரிகூட இல்லை என்று முதலில் ஒரு வரி, கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். நீ எழுதாததை நான் எழுதிவிடுகிறேன். உன் நிச்சயத்தன்று, பெண் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூடத்தில் பெரியப்பா சொன்னார்: “இணைச்சீருக்கு மோகனப்பிரியா நிக்கட்டும். நல்லா வாழுற புள்ள.” மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள், கூறைச்சேலையின் ஒரு முனையைத் தான் பிடித்து மறுமுனையைத் தம்பி கையில் கொடுத்து நிற்கிற சீர் அது. உனக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். விவாகரத்து ஆனவள் என்பதால் என் பெயரைக்கூடச் சொல்லாமல் சித்தப்பா பெண்ணின் பெயரைச் சொன்னார். நீ குனிந்து ஃபோனைப் பார்த்தாய். அதில் அப்படி என்ன வந்திருந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இனி உன் மெஷின்.

ஒன்றை இரண்டால் வகுத்தால் அரை. சின்ன எண்ணால் வகுக்க வகுக்க விடை பெரிதாகிக்கொண்டே போகும். பூஜ்ஜியத்தால் வகு என்றால் விடையே கிடையாது. அதுவரை ஒழுங்காக வேலை செய்த விதி அந்த ஒரு இடத்தில் கையை விரித்துவிடும். அந்த இடத்துக்குப் பெயர்தான் சிங்குலாரிட்டி. தமிழில் ஒருமைப்புள்ளி என்றும் எழுதுகிறார்கள். கருந்துளைக்காரர்கள் சொல்வதும் இதுதான். அங்கே அவர்களுடைய சமன்பாடு முடிவிலி என்று விடை சொல்கிறது. உள்ளே ஏதோ பூதம் இருக்கிறது என்று அர்த்தமில்லை, நம் சமன்பாடு அங்கே செல்லாது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் ஆட்கள் அந்த வார்த்தையை இங்கிருந்து கடன் வாங்கினார்கள். இதற்கு மேல் என்ன நடக்கும் என்று கணிக்க முடியாத நாள் ஒன்று வரும் என்கிறார்கள். நம்புகிறவர்கள் உண்டு, சிரிக்கிறவர்களும் உண்டு. அற்புதராஜ் அண்ணனை நிம்மதியாக வேலை பார்க்கச் சொல்.

உன் மெஷினுக்கு என்ன என்றால், சுவருக்கு முன்னால் நின்று முழங்கை மடங்காமல் கையை நீட்டி, விரல்நுனியால் சுவரைத் தொடு. இப்போது உடம்பை அசைக்காமல் இன்னும் ஒரு அங்குலம் முன்னால் போ. முடியாது. மேலே, கீழே, பக்கவாட்டில் போகலாம், முன்னால் மட்டும் வழி கிடையாது. மெஷினும் கையை முழுக்க நீட்டிய நிலையில் அதைத்தான் சொல்கிறது. அந்த நிலைக்குப் பக்கத்தில் வந்தாலே கொஞ்ச தூரம் நகர்வதற்கு மூட்டுகள் கண்டபடி வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். அதனால் பயந்து நின்றுவிடுகிறது. பயப்படத் தெரிந்த மெஷின் நல்ல மெஷின்.

அதை ஏன் சட்டத்திலிருந்து அவ்வளவு தள்ளி வைத்திருக்கிறாய்?

சத்யபிரியா

*

நாமக்கல்
19.12.2024

அக்கா,

பட்டறையில் எல்லாரும் சுவரில் கை வைத்து நின்று பார்த்தோம். அந்த நேரம் பார்த்து வண்டி டெலிவரி எடுக்க வந்த ராசிபுரத்துக்காரர், “போலீஸ் செக்கிங்குங்களா?” என்று கேட்டார். ஆனால் நீ சொன்னது எல்லாருக்கும் பட்டென்று புரிந்துவிட்டது. கோயம்புத்தூர் இன்ஜினியர் கோர்ஸ் படித்தானா இல்லையா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஏன் தள்ளி வைத்தாய் என்று கேட்டாய். உனக்கே தெரிந்திருக்கும். கன்னி மூலை. பட்டறையிலேயே கனமான பொருள் தென்மேற்கு மூலையில்தான் இருக்கவேண்டும் என்று பெரியப்பா கயிறு பிடித்து இடம் குறித்துக்கொடுத்தார். சட்டம் ஏற்றி இறக்குகிற ஜிக் நடுவில் தரையோடு பதித்தது, அதை அசைக்க முடியாது. மூலையிலிருந்து எட்டி எட்டிப் பற்றவைத்தால் மெஷின் என்ன செய்யும் பாவம்? பெரியப்பாவிடம் சொன்னேன். “மூலைய உட்டு நவுத்துனா தொழிலு போயிரும். மிசினு வாங்குனவனுக்கு ஓட்டத் தெரியோணுமாக்கும்” என்றார். இப்போது பாதி தூரம் மெஷின், மீதிக்கு அற்புதராஜ் அண்ணன். பெரிய ஆட்டோமேஷன்!

சரி, நீ எழுதிவிட்டாய், நானும் எழுதுகிறேன். நான் என்ன செய்திருக்கவேண்டும்? அப்பா போனபிறகு நல்லது கெட்டதுக்கு அவர்தான் முன்னால் நிற்கிறார். எனக்கு முப்பத்தி நாலு வயசு. இந்தப் பக்கம் எத்தனை பையன்கள் பெண் கிடைக்காமல் நிற்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? நாமகிரிப்பேட்டைக்காரர்கள் சரி என்று சொன்னதே பெரிசு. கிருத்திகாவை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தக் கூடத்தில் நான் வாயைத் திறந்து, பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருந்தால்?

யோசித்துப் பார். பத்து நிமிஷச் சடங்கு. அதை மட்டும் மோகனப்பிரியா பிடித்துக்கொள்ளட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் நீதான் முன்னால். மண்டப வாசலில் வரவேற்க நீ, கிருத்திகாவுக்குச் சேலை எடுக்க நீ. ஃபோட்டோவில் என் பக்கத்தில் நீ நிற்கலாம்.

கதிரு

*

அஸ்தம்பட்டி
26.12.2024

கதிருக்கு,

ஃபோட்டோவில் நிற்கலாமா? ரொம்பப் பெரிய மனசு.

நேற்று லீவு. நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து உன் கடிதத்துக்கு மனதுக்குள்ளேயே பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இப்போது எழுதுவதைக் கிழிக்கப்போவதில்லை.

சிங்குலாரிட்டியில் ஒரு வகை சுலபமானது. அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஓட்டை இருக்கும். சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதற்குப் பொருந்துகிற எண்ணைப் போட்டு அடைத்துவிட்டால் யாருக்கும் ஓட்டை தெரியாது. நீயும் பெரியப்பாவும் என் இடத்தை அப்படி நினைத்துவிட்டீர்கள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? மோகனப்பிரியா. போட்டு அடை. இன்னொரு வகை இருக்கிறது. அதில் எந்த எண்ணைக் கொண்டுவந்து போட்டாலும் பொருந்தாது. அதை அடைக்கிறேன் என்று கிளம்புகிற மாணவனுக்கு நான் மார்க் போடுவதில்லை.

எனக்குச் சடங்கில் நம்பிக்கை இல்லை, உனக்கே தெரியும். சேலை முனையைப் பிடித்தால் எனக்கு எதுவும் கூடிவிடாது. ஆனால் நம் பக்கத்துக் கல்யாணத்தில், இவன் இவளோடு பிறந்தவன் என்று ஊரறியச் சொல்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே என்னை எடுத்துவிட்டு வாசலில் சந்தனம் கொடுக்க நிறுத்துகிறாய்.

ஈரோட்டில் புருஷன் வீட்டிலிருந்து நான் கிளம்பிய நாளை நினைத்துப் பார்க்கிறாயா? குட்டி யானை வண்டியை எடுத்துக்கொண்டு நீதான் வந்தாய். என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் வீட்டு ஆட்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, என் பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் வைத்து இறக்கினாய். வழியில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, “பொட்டியில கண்ணாடி இருக்குது, பாத்து உக்காருக்கா” என்று மட்டும் சொன்னாய். அந்தத் தம்பியை நம்பித்தான் சேலத்தில் தனியாக வீடு எடுத்தேன். அவன் எங்கே போனான் என்றுதான் எனக்கு ஆத்திரம். பெரியப்பாமேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் எப்போதும் அப்படித்தான்.

அம்மாவையும் பின் வரிசையில்தானே உட்காரவைப்பீர்கள்? அப்பா உயிரோடு இல்லை என்று. பெற்றவளும் பின்னால், கூடப் பிறந்தவளும் பின்னால். முன்னால் நிற்பது யார் கல்யாணத்துக்கு?

இனி மெஷினைப் பற்றி மட்டும் எழுது. இல்லையென்றால் எழுதாதே.

சத்யபிரியா

*

நாமக்கல்
9.1.2025

அக்கா,

மெஷினைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். சிங்குலாரிட்டி எச்சரிக்கை வந்து நின்றுவிடாமல் இருக்கட்டும் என்று, வேகத்தைக் குறைத்து, மூட்டு மூட்டாகக் கையால் ஓட்டிப் பழக்கினோம். கொஞ்ச தூரம் போனது. கை நீளுகிற இடம் வந்ததும் மெஷினின் மணிக்கட்டு சட்டென்று ஒரு சுற்று சுற்றியது. வெல்டிங் டார்ச் கேபிள் அறுந்து ஜிக்கில் அடித்தது. அற்புதராஜ் அண்ணன் தண்ணீர் குடிக்க அப்போதுதான் நகர்ந்திருந்தார். அவர் நின்ற இடத்தில்தான் கேபிள் கிடந்தது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். பயப்படத் தெரிந்த மெஷின் என்று நீ எழுதியிருந்தாய். அதன் பயத்தை நான்தான் கழற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கிரேன் வரவழைத்தேன். போல்ட்டைக் கழற்றி, மெஷினைத் தூக்கி, ஜிக்குக்குப் பக்கத்தில் புதிதாகத் தரை துளைத்து இறக்கினோம். பாதியில் பெரியப்பா வந்துவிட்டார். யார் சொன்னார்களோ. சேர் கேட்டு வாங்கிப் போட்டு, கன்னி மூலையில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கிரேன்காரன் பயந்து கிரேனை நிறுத்திவிட்டான்.

“இன்னிக்கு மிசின நவுத்தற. நாளைக்கு என்னத்த நவுத்துவ?” என்று கேட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் எதையும் யோசித்துவைத்திருக்கவில்லை. வாயில் தானாக வந்தது. “நாளைக்கு இணைச்சீருங்க பெரியப்பா. அக்காதானுங்க நிக்கோணும்” என்றேன். ஃபோன் டேபிள்மேல் கிடந்தது, நான் அதைப் பார்க்கவில்லை.

“வாழாவெட்டியக் கொண்டாந்து நிறுத்துனா உன்ற குடும்பம் வெளங்குமாடா?”

அந்த வார்த்தையை உனக்கு எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு அம்மா வந்து நின்றாள். எங்களுக்கு மதியச் சோறு கொண்டுவந்திருந்தாள். தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: “அவ நிக்காத கல்யாணத்துக்கு நானும் வரமாட்டனுங்க. மாப்பிள்ளையப் பெத்தவ எங்கேன்னு சம்பந்தி ஊட்டுல கேப்பாங்க. நீங்களே பதில் சொல்லிக்கோங்க.” பெரியப்பாவிடம் அம்மா எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்திருக்க மாட்டார். துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

நம் சீர்களை எல்லாம் முன்னின்று நடத்துகிற அருமைக்காரரிடம் போனேன். மற்ற சீரெல்லாம் செய்கிறேன், இதற்கு மட்டும் நான் நிற்கமாட்டேன் என்றுவிட்டார். அப்படியானால் அக்கா இல்லாத இணைச்சீரே வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். மோகனப்பிரியாவிடமும் சொல்லிவிட்டேன். அவள், “நானே எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சுட்டு இருந்தேன்” என்றாள்.

நீ வந்தால் சீர் உண்டு. வராவிட்டால் கிடையாது. அந்த இடத்தை அடைக்க என்னிடம் ஆளில்லை. கிருத்திகாவிடம் சொன்னேன். அவள் அப்பாவிடம் பேசுகிறேன் என்றாள். அவர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

மெஷின் சட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே ஓட்டமாக ஓடியது.

கதிரு

*

அஸ்தம்பட்டி
16.1.2025

கதிரு,

உன் கடிதத்தை வகுப்புக்கு எடுத்துப்போகிற பையிலேயே வைத்திருக்கிறேன். அற்புதராஜ் அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று முதல் இரண்டு தடவை அதை மட்டும்தான் படித்தேன். மூட்டு மூட்டாக ஓட்டினாயாம்! உன்னை நேரில் பார்க்கும்போது திட்டுவேன்.

பொங்கலுக்கு மறுநாள் கிருத்திகா வந்தாள். ஃபேர்லேண்ட்ஸில் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு, முகவரி விசாரித்து அவளாகவே வந்தாள். நான் பழைய நைட்டியில் இருந்தேன். காபி போட்டுக் கொடுத்தேன். “உங்கள வெச்சுத்தானுங்க எனக்கு நாத்தனாரு முறையே. வேற ஆளு நின்னா நான் யாரப் போயி அண்ணின்னு கூப்பிடறது?” என்று கேட்டாள். பிறகு நீ குறட்டை விடுவாயா என்று கேட்டாள். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் போனபிறகு அழுதேன். சந்தோஷமா என்று கேட்காதே, எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வேண்டியது நீ வாயைத் திறக்கவேண்டும் என்பதுதான். திறந்துவிட்டாய், அது போதும். பெண் வீட்டில் கொஞ்சம் முகம் சுளித்தாலும் இதை விட்டுவிடு. என்னால் ஒரு கல்யாணம் முறிந்தது போதும். உன்னுடையதும் என் கணக்கில் சேரவேண்டாம்.

அக்கா

*

நாமக்கல்
21.1.2025

அக்கா,

கிருத்திகா அப்பா ஃபோன் செய்தார். “அது உங்க ஊட்டுச் சீருங்க மாப்ள. உங்க ஊட்டுல யாரு நிக்கறாங்கன்னு நாங்க எப்பிடிங்க சொல்றது?” என்றார். அப்புறம் கோழித் தீவன விலையைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்.

மண்டபத்துக்கு இரண்டாம் தேதி மதியமே வந்துவிடு. பெரியப்பாவுக்கு நானும் அம்மாவும் போய்ப் பத்திரிகை வைத்தோம். தொட்டு வாங்கிக்கொண்டார், வருவதாகச் சொல்லவில்லை. சீரை நடத்த ஆள் இல்லை. அம்மாவுக்குப் பார்த்த ஞாபகம் இருக்கிறதாம், அவளே நடத்துகிறாளாம். குறட்டை விஷயத்தை நீ சொல்லியிருக்கவேண்டாம்.

கதிரு

*

அஸ்தம்பட்டி
7.2.2025

கதிருக்கும் கிருத்திகாவுக்கும்,

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் இதைத் தபாலில்தான் எழுதவேண்டும் போலிருக்கிறது. சீரில் நீ உட்கார்ந்திருந்தாய், உனக்குப் பின்னால் நடந்தது உனக்கு முழுக்கத் தெரிந்திருக்காது.

அம்மா முன்னால் வந்தபோது கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அவள் காதில் விழாததுபோல் சேலையை விரித்தாள். பார்த்த ஞாபகத்தில் மடித்ததால் மடிப்பு நிற்கவே இல்லை. ஒரு தடவை மடித்தாள், பிரிந்தது. மறுபடி மடித்தாள். இந்த முனை உனக்கா எனக்கா என்று அவளுக்கே குழம்பிவிட்டது. யாராவது சிரித்துவிடுவார்களோ என்று எனக்கு உயிரே போயிற்று.

அப்போதுதான் தூணுக்குப் பின்னாலிருந்து அம்மாவைப் பேர் சொல்லி அந்தக் குரல் வந்தது. “அப்பிடியில்ல வள்ளியாத்தா! கரை உள்பக்கமா வரோணும். உள்பக்கமா!”

பெரியப்பா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வராமலிருக்கத்தான் நினைத்திருப்பார். வந்தாலும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றுதான் நின்றிருப்பார். ஒரு சீரைத் தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியவில்லை. அங்கிருந்தே ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா அவர் சொன்னபடி மடித்தாள். கடைசியில், “முனைய அக்கா கையில குடு” என்றார். சத்யபிரியா என்று சொல்லவில்லை. அக்கா என்றுதான் சொன்னார். அது போதும் எனக்கு.

சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் வந்து, மெஷின் இப்போது நிற்கிற இடம் பட்டறையின் நடு, பிரம்மஸ்தானம், வாஸ்துப்படி அதுவும் தப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். நீ கவலைப்படாதே, அது எட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

நேற்று வகுப்பில் சிங்குலாரிட்டி பாடம் எடுத்தேன். பிள்ளைகளைச் சுவரில் கை வைத்து நிற்கச் சொன்னேன். எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. சீர் நடக்கும்போது உன் சட்டைப்பையில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. நீ இரண்டு கையாலும் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அக்கா